1.4% மங்குது, ஆனா கணக்குல 1.15 வியாழன்தான் வருது. எங்க தப்பு?

மொட்டைமாடிக்காரன் · பெருங்களத்தூர் · பிப்ரவரி 8, காலை 7:10

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி வாஸ்ப்-12 ஒருவழியா மாட்டிச்சு: தன்னோட கோள் குறுக்க போறப்ப (அதான் டிரான்சிட்) லேசா மங்குற நட்சத்திரம். இது மூணாவது முயற்சி. முதல் தடவை கீழ்வீட்டுத் தண்ணி மோட்டார் ஓடி மாடியே அதிர்ந்துச்சு, ஸ்டார் எல்லாம் பாஸ்மதி அரிசி மாதிரி நீண்டு போச்சு. ரெண்டாவது தடவை பத்தரை மணிக்கு டிப்பு வந்துருச்சுன்னு தனியா மாடியில குதிச்சேன். அப்புறம் பார்த்தா கண்ணாடியில பனி. பக்கத்து ஸ்டாரும் சேர்ந்துதான் மங்கியிருந்துச்சு.

நேத்து எல்லாம் கூடி வந்துச்சு. 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, மோனோ கேமரா, 60 நொடி எக்ஸ்போஷர், ஏழே முக்காலிலிருந்து பன்னெண்டரை வரைக்கும். ஃபோகஸக் கொஞ்சம் கலைச்சு விட்டுத்தான் எடுத்தேன். ஃப்ளாட்டுக்கு (படத்துல வெளிச்சத்தச் சமன் பண்ண எடுக்கிற வெத்துப் படம்) என் கல்யாண வேட்டிய ரெண்டா மடிச்சு, கரை படாம குழாய் வாயில இழுத்துக் கட்டிட்டேன். எதிர் மாடி மாமி "என்னப்பா, டிரம்மு தைக்கறியா?"ன்னு கேட்டாங்க.

விஷயத்துக்கு வர்றேன். டிரான்சிட் சுமார் மூணு மணி நேரம் நீண்டுச்சு, ஆழம் 1.4%. மறைக்கிற பரப்புதானே ஆழம், அதனால 0.014க்கு வர்க்கமூலம் எடுத்தேன்: 0.118. சூரியன் ஆரம் வியாழன் ஆரத்த மாதிரி 9.73 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா 1.15 வியாழன். ஆனா எந்தப் பட்டியலப் பார்த்தாலும் இந்தக் கோளுக்கு 1.9ன்னு போட்டிருக்கான். ஆழம் மத்தவங்க எடுத்ததோட ஒத்துப் போகுது. அப்ப நான் எங்கதான் கோட்டை விட்டேன்?

கூவக்கரை · காலை 7:52

பெருங்களத்தூர் வானத்துல, அந்த ஜிஎஸ்டி ரோடு வெளிச்சத்துல 1.4% எடுத்ததே பெரிய விஷயம் தலைவா. ஒப்பீட்டு ஸ்டார் எத்தனை வச்ச? ஒண்ணுதான்னா அதுவே மாறுற ஸ்டாரா இருக்கலாம்.

மொட்டைமாடிக்காரன் · காலை 8:05

மூணு வச்சேன் சார். ஒண்ண ஒண்ணோட ஒப்பிட்டா நேர்க்கோடு.

நிறமாலை · கோட்டூர்புரம் · காலை 9:31

அண்ணா, படத்துல தப்பே இல்ல. கணக்குலதான் தப்பு, அதுல வந்து சிக்குனது நம்ம சூரியன்.

0.118 சரி. ஆனா அது கோளோட அளவு இல்ல, கோளுக்கும் அதோட நட்சத்திரத்துக்கும் உள்ள விகிதம். நீங்க அத சூரியனோட ஆரத்தால பெருக்கிட்டீங்க. வாஸ்ப்-12 சூரியன் சாயல்தான், ஆனா ஒண்ணுவிட்ட பெரியண்ணன்: ஆரம் கிட்டத்தட்ட 1.66 மடங்கு. 0.118 × 1.66 × 9.73 போட்டுப் பாருங்க. 1.9 வந்துரும்.

இன்னொண்ணு, இது உங்க லைட் கர்வ்லயே (நேரத்தோட ஒளி மாறுற கோட்டுலயே) எழுதியிருக்கு. சுத்துற காலம் 1.09 நாள். நட்சத்திரம் அச்சு அசலா சூரியன் மாதிரி இருந்தா, கெப்ளரோட மூணாவது விதிப்படி இந்தக் கோள் 4.46 சூரிய ஆரம் தூரத்துல ஓடும். அப்படி ஓடுற கோள், வட்டு நடுவுல குறுக்க போனாக்கூட ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துரணும். அதுதான் உச்சம். உங்களுக்கு மூணு மணி நேரம் ஆயிருக்கு! அப்ப கடக்க வேண்டிய வட்டு பெருசுன்னு அர்த்தம். இத முறையாச் செஞ்சா நட்சத்திரத்தோட சராசரி அடர்த்தியே கையில வந்துரும். இங்க சூரியன் அடர்த்தியில மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. வேட்டி கட்டி எடுத்த படத்துல நட்சத்திரத்தோட அடர்த்தி எடுத்திருக்கீங்க, அதப் பார்க்காம கோளத் தேடிட்டு இருக்கீங்க.

மொட்டைமாடிக்காரன் · காலை 9:40

தலையில அடிச்சுக்கிட்டேன். ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்! நான் அந்த மூணு மணி நேரத்த "அப்பாடா, முடிஞ்சுது"ன்னு மட்டும்தான் பார்த்தேன்.

ஓய்வு_வாத்தியார் · மேற்கு மாம்பலம் · காலை 10:48

தம்பிக்கு வாழ்த்துகள். இழைக்குச் சற்று அப்பாற்பட்ட ஒரு செய்தி, பொறுத்துக்கொள்ளவும்.

வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோள் இருக்கக்கூடும் என்று கணக்குக் காட்டி அச்சில் வந்த முதல் வாதங்களில் ஒன்று நம் ஊரிலிருந்து போனது. 1855இல், மதராஸ் வானாய்வகத்தில் பணியிலிருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் ஒரு பிசகைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இழுக்கிறது என்று வாதிட்டார். அது நிற்கவில்லை, பின்னாளில் தள்ளுபடியானது. ஆனாலும் கேள்வி கேட்ட இடம் நுங்கம்பாக்கம். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1874 டிசம்பர் 9இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வை (வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே செல்வதை) மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூலே எழுதினார்.

2012 ஜூன் 6 காலையில் நான் பள்ளி மாணவர்களோடு கடற்கரையில் நின்று ஒரு வெள்ளி இடைநகர்வைப் பார்த்தேன். சூரியன் உதிக்கும்போதே முகத்தில் பொட்டு. வெள்ளி வட்டின் விட்டம் சூரிய வட்டின் விட்டத்தில் சுமார் 32இல் ஒரு பங்கு, ஆகவே மங்கல் 0.1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. தம்பி எடுத்தது அதைப்போல் பதினைந்து மடங்கு ஆழம்.

கூவக்கரை · காலை 11:02

வாத்தியார் சார், இது அப்பாற்பட்டதே இல்ல. "தெரியாத துணை இழுக்குது", அதான் இன்னைக்கு வரைக்கும் ஆட்டமே.

அரியர்_அரசன் · மதியம் 1:15

நான் படிச்ச காலேஜ்ல ஒரு டெலஸ்கோப் இருந்துச்சு. மூணு வருஷமும் பீரோவுல பூட்டித்தான் இருந்துச்சு, சாவி யார்கிட்டன்னு கடைசி வரைக்கும் தெரியல. அதனால கேள்வி மட்டும்தான் கேட்க முடியும்.

1.9 வியாழன்னா 0.195 சூரியன். அந்த சைஸ்ல செங்குறுமீன் இருக்குல்ல? சின்ன சிவப்பு நட்சத்திரம் ஒண்ணு முன்னாடி போனாலும் இதே 1.4% தானே மங்கும்? கோள்னு எப்படிச் சொல்றீங்க?

நிறமாலை · மதியம் 2:20

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். எங்க குழுவுல புதுசா சேர்றவங்ககிட்ட முதல் வாரத்துலயே இதக் கேட்போம்.

மங்கல மட்டும் வச்சு சொல்லவே முடியாது. 0.195 சூரிய ஆரம்னா சூரிய நிறையில சுமார் 0.17 பங்கு இருக்கிற செங்குறுமீனுக்குச் சரியாப் பொருந்தும். அந்த மாதிரி வேஷக்காரங்க நிறைய. 2012இல், கெப்ளர் விண்கலம் கண்டுபிடிச்ச நெருங்கிச் சுத்துற பெரிய கோள் "வேட்பாளர்"களை நிறமாலைமானி (ஒளிய நிறம் நிறமாப் பிரிக்கிற கருவி) வச்சு ஒவ்வொண்ணாச் சோதிச்சாங்க. ஏறக்குறைய 35% கோளே இல்ல. சிலது இரட்டை நட்சத்திரம், சிலது பழுப்புக் குறுமீன் (கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல நிக்கிறது), சிலது பின்னாடி வேற எங்கயோ நடக்கிற கிரகணம்.

அதனால எடை போட்டே ஆகணும். சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்கல்ல? ஒன்னாங்கிளாஸ் தம்பி கைய குறுக்கப் பிடிச்சு சுத்தினா நீங்க இருந்த இடத்துலயே சுத்துவீங்க. உங்க எடை இருக்கிற பிரண்டோட சுத்தினா உங்களையும் இழுத்துட்டுப் போவான். நட்சத்திரம் எவ்வளவு வேகத்துல நம்ம பக்கம் வந்து விலகுதுன்னு நிறமாலைக் கோடுகள் நகர்றத வச்சு அளக்கிறோம். அதத்தான் ஆர்.வி.ங்கறோம்.

இப்ப வாஸ்ப்-12க்கு எண் போட்டுப் பாருங்க. 1.09 நாள் சுற்றுல 0.17 சூரிய நிறை செங்குறுமீன் இருந்தா நட்சத்திரம் நொடிக்கு 26 கிலோமீட்டர் வேகத்துல ஆடணும். நிஜத்துல அளந்தது நொடிக்கு சுமார் 226 மீட்டர். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். அதனால நிறை 1.47 வியாழன். கோள்தான், சந்தேகமே வேண்டாம்.

அந்த முதல் வடிகட்டலுக்கு ரெண்டே ரெண்டு நிறமாலை போதும். டிரான்சிட் முடிஞ்சு கால் சுற்றுல ஒண்ணு, நட்சத்திரம் நம்ம பக்கம் வேகமா வர்ற நேரம். முக்கால் சுற்றுல இன்னொண்ணு, விலகிப் போற நேரம். ரெண்டுக்கும் நடுவுல பத்து இருபது கி.மீ. வித்தியாசம் தெரிஞ்சா, பெட்டியக் கட்டிட்டு வேற ஸ்டாருக்குப் போயிரலாம்.

அரியர்_அரசன் · மதியம் 2:31

ரெண்டு நிறமாலையில மேட்டர் முடிஞ்சுதா! நான் ஆறு செமஸ்டர் எழுதுனேன்.

கூவக்கரை · மாலை 4:40

அக்கா, ஒரு சந்தேகம். அப்ப சைஸுக்கு மதிப்பே இல்லையா? ஆர்.வி. மட்டும் போதும்னா எதுக்கு இந்த டிரான்சிட் கூத்து எல்லாம்?

நிறமாலை · மாலை 6:12

தனியா ஆர்.வி.ய நம்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு ஹெச்டி 114762 இருக்கு. 1989இல் அதுக்கு ஒரு துணை கண்டுபிடிச்சாங்க: 84 நாள் சுற்று, நிறை குறைஞ்சது 11 வியாழன். அந்த "குறைஞ்சது"ங்கற வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு ஆர்.வி.க்குத் தெரியாது. பாதை நம்ம பார்வைக்கு முழு வட்டமா விரிஞ்சு கிடந்தா, நிஜ ஆட்டத்துல ஒரு துளிதான் நம்ம பக்கம் தெரியும். முப்பது வருஷம் கழிச்சு கையா விண்கலத்தோட தரவு வந்தப்பதான் தெரிஞ்சது, பாதை கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்திருக்கு. கோளா, பழுப்புக் குறுமீனான்னு பேசிட்டு இருந்தது கடைசியில ஒரு சின்ன நட்சத்திரம்.

டிரான்சிட் ஆச்சுன்னா இந்தத் தொல்லை இல்ல. முன்னாடி போகுதுன்னாலே பாதை நம்ம பார்வைக்கோட்டுல இருக்குன்னு அர்த்தம். நிறைக்கு முன்னாடி அந்தக் "குறைஞ்சது" போயிரும். கூடவே ஆரமும் கிடைக்கும். ரெண்டும் கையில இருந்தா துணையோட மேற்பரப்பு ஈர்ப்பு நட்சத்திரத்தோட நிறை தெரியாமலே வந்துரும். எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சதே அதுதான். மத்த எல்லாத்தையும் நட்சத்திரத்துகிட்ட கடன் வாங்கித்தான் சொல்றோம். இது ஒண்ணு மட்டும் சொந்தக் காசு.

கூவக்கரை · மாலை 6:30

சரி, ஒத்துக்கறேன். தெரு கிரிக்கெட்டுல இருட்டினப்புறம் வர்ற பந்து டென்னிஸ் பந்தா கார்க் பந்தான்னு தூரத்துல இருந்து தெரியாது. கால்ல பட்டாத்தான் தெரியும்.

நிறமாலை · மாலை 6:58

கூவக்கரை சார் சொன்னது உவமையே இல்ல, அப்படியே நிஜம். சனி அளவு நிறையில ஆரம்பிச்சு சின்ன நட்சத்திரம் வரைக்கும், ஆரம் கிட்டத்தட்ட வியாழன் அளவுலயே நின்னுரும். நிறையக் கூட்டிக்கிட்டே போனாலும் உள்ள எலக்ட்ரான்கள் நெருக்கியடிச்சுக் கிடக்கிற அழுத்தம் வேற விதமா வேலை செய்யும். உடம்பு பெருக்காது, இறுகும்.

கோரோ-3பி: 2008இல் வந்தது, முதல் டிரான்சிட் பழுப்புக் குறுமீன். ஆரம் 1.01 வியாழன், நிறை 21.7 வியாழன். அடர்த்தி தங்கத்தையே தாண்டுது. வாஸ்ப்-30பி: ஆரம் 0.89, நிறை 61. தண்ணியவிட நூறு மடங்கு அடர்த்தி. 2017இல் அறிவிச்ச இபிஎல்எம் ஜே0555-57 ஜோடியில இருக்கிற சின்னது: உருவம் சனி அளவு, நிறை 85 வியாழன். ஹைட்ரஜன எரிக்கிற முழு நட்சத்திரம்! மூணையும் மாடியில இருந்து பார்த்தா உங்களுக்குக் கிடைக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏதோ வியாழன் சைஸ்ல போச்சு."

பழுப்புக் குறுமீனுக்கு வயசும் வேணும். பிறந்தப்ப ஊதிக் கிடக்கும், ஆற ஆறச் சுருங்கும். ரிக் 72பி மேல் விருச்சிகக் கூட்டத்துல இருக்கிற இளசு: 59 வியாழன் நிறை, ஆரம் மூணு வியாழனுக்கும் மேல. அதனால வயசு தெரிஞ்ச நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள ஒரு டிரான்சிட் பழுப்புக் குறுமீன் கிடைச்சா அது லாட்டரி. ருப்ரெக்ட் 147 கூட்டத்துல சூரியன் மாதிரி நட்சத்திரத்த 5.3 நாளுக்கு ஒருமுறை ஒண்ணு சுத்துது.

அரியர்_அரசன் · மாலை 7:20

பழுப்புக் குறுமீன்னா அரியர் வச்ச நட்சத்திரம். டியூட்டீரியம் பேப்பர் பாஸ், ஹைட்ரஜன் பேப்பர் அரியர். என் இனம்.

ஓய்வு_வாத்தியார் · மாலை 7:55

சிரித்தேன். ஆனால் "தோற்றுப்போன நட்சத்திரம்" என்று தமிழில் எழுதும் வழக்கம் எனக்கு ஏனோ ஒட்டவில்லை. எந்தத் தேர்வுக்கும் அது விண்ணப்பிக்கவே இல்லையே. 13 வியாழன் நிறையில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும், 75, 80 வாக்கில் ஹைட்ரஜன். இரண்டு கோடுகளையும் போட்டவர்கள் நாம்.

கூவக்கரை · மாலை 8:10

13ங்கற கோடு தாலுகா எல்லை மாதிரி சார். ரெண்டு பக்கமும் ஒரே மண்ணு.

நிறமாலை · மாலை 8:44

எல்லையில எனக்கும் பெரிய நம்பிக்கை இல்ல. எப்படிப் பிறந்துச்சுங்கறதுதான் முக்கியம்: தட்டுக்குள்ள கோளா வளர்ந்துச்சா, நட்சத்திரமா உடைஞ்சு பிறந்துச்சா. சூரியன் மாதிரி நட்சத்திரங்களுக்குக் கிட்டத்துல கோள் நிறைய, சின்ன நட்சத்திரத் துணையும் நிறைய. நடுவுல பழுப்புக் குறுமீன் மட்டும் ரொம்ப அரிது, நூத்துல ஒண்ணு கூடத் தேறாது. பாலைவனம்னே பேரு. 2014இல் வந்த ஒரு ஆய்வு, சுமார் 42 வியாழன் நிறையில பிரிச்சா கீழ இருக்கிறது கோள் குணத்தோடயும் மேல இருக்கிறது இரட்டை நட்சத்திரக் குணத்தோடயும் இருக்குன்னு சொல்லிச்சு. கோள் தேடுற டெஸ் விண்கலம் வந்தப்புறம் அந்த நடு இடத்துலயும் ஆட்கள் குடியேறிட்டாங்க, கோடு மங்கிட்டே போகுது. என் சொந்தக் கருத்து: ஒவ்வொரு புதுத் துணைக்கும் ஆரம், நிறை, வயசு, பாதையோட நீள்வட்டத்தனம் நாலும் ஒழுங்கா இருந்தாத்தான் இந்தச் சண்டை தீரும். இதுல அஞ்சு சதவீதப் பிழையில ஒண்ணு, பாதி யூகத்துல பத்துன்னு இருந்தா, அந்த ஒண்ணுதான் எனக்கு வேணும்.

தாம்பரம்_சுபா · இரவு 9:05

எல்லாரும் வெளிநாட்டுப் பேராவே சொல்றீங்க. நம்ம நாட்டுல இந்த எடை போடற வேலை நடக்குதா அக்கா?

நிறமாலை · இரவு 9:22

நடக்குது சுபா. அபு மலை குருசிகரத்துல அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வுக்கூடம்) வச்சிருக்கிற பாராஸ் நிறமாலைமானி, 1.2 மீட்டர் தொலைநோக்கியில. அதுல எடை போட்டு 2018இல் அறிவிச்ச கோளுக்கு 27 பூமி நிறை, 6 பூமி ஆரம், 19.5 நாள் சுற்று. அதே கருவி ஹெச்டி 213597ங்கற நட்சத்திரத்துக்கு ஒரு செங்குறுமீன் துணைய எடை போட்டுச்சு. கோள் தேடப் போற இடத்துல மாட்டுற சின்ன நட்சத்திரத்தக் குப்பைன்னு தூக்கிப் போடாம அளந்து வைக்கிற பழக்கம் நல்ல பழக்கம். இப்ப 2.5 மீட்டர் தொலைநோக்கியில பாராஸ்-2 ஓடுது.

ஓய்வு_வாத்தியார் · இரவு 9:40

ஜவ்வாது மலைக் காவலூரையும் விடலாகாது. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, கோள் வருமுன்பே ஒளி மங்கியதை அங்கும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது.

மொட்டைமாடிக்காரன் · இரவு 10:15

எனக்கு நிறமாலைமானி எல்லாம் வாங்க வக்கில்ல. ஒரு 8 அங்குலமும் வேட்டியும் வச்சு இந்தக் கூட்டத்துல நான் எதுக்காவது பிரயோஜனப்படுவேனா?

நிறமாலை · இரவு 10:50

நிறையவே. டெஸ் கேமராவோட ஒரு பிக்சல் 21 வினாடிக்கோணம் அகலம் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு ஒரு வினாடிக்கோணம்). அதுக்குள்ள அஞ்சாறு ஸ்டார் ஒண்ணாக் கொட்டிக் கிடக்கும். டெஸ் "இங்க 1% மங்குது"ன்னு சொல்லும், எதுன்னு சொல்லாது. பக்கத்து மங்கலான ஸ்டார் பாதிக்குப் பாதி கிரகணம் ஆகியிருக்கலாம். அந்த வெளிச்சம் பெரிய ஸ்டாரோட கலந்து 1%ஆத் தெரியலாம். உங்க படத்துல அஞ்சாறும் தனித்தனியாத் தெரியும். எது மங்குச்சுன்னு நீங்க சொன்னாலே பெரிய தொலைநோக்கியோட ஒரு ராத்திரி மிச்சம்.

அடுத்து, ரெண்டு ஃபில்டர்ல எடுங்க. கோள்னா நீலத்துலயும் சிவப்புலயும் ஏறக்குறைய ஒரே ஆழம். சொந்தமா ஒளிவிடற இரட்டை நட்சத்திரம் நடுவுல புகுந்திருந்தா நிறத்துக்கு நிறம் ஆழம் மாறும். ஒத்தைப்படை, இரட்டைப்படை டிரான்சிட்டத் தனித்தனியாப் பிரிச்சுப் பாருங்க. ஒண்ணு ஆழமாவும் ஒண்ணு ஆழமில்லாமலும் வந்தா, நீங்க கண்டுபிடிச்ச காலம் நிஜக் காலத்துல பாதி, ரெண்டு நட்சத்திரம் மாறி மாறி மறைக்குது. அடிப்பாகம் தட்டையா இல்லாம 'வி' மாதிரி இருந்தா ஓரத்துல உரசிப் போகுது, அப்ப நீங்க சொல்ற ஆரம் வெறும் கீழ்வரம்பு.

வாஸ்ப்-12லயே ஒரு பொறி இருக்கு. ஒரு வினாடிக்கோணம் தள்ளி செங்குறுமீன் ஜோடி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. உங்க படத்துல பிரிஞ்சு தெரியாது. கண்ணுக்குத் தெரியற ஒளியில அதோட பங்கு கொஞ்சம்தான், அகச்சிவப்புல எடுத்தா கழிச்சே ஆகணும்.

நேரத்தையும் சரியாக் குறிச்சு அனுப்புங்க. இந்தக் கோளோட சுற்றுக்காலம் வருஷத்துக்கு சுமார் 29 மில்லிநொடி குறைஞ்சுக்கிட்டே வருது, நட்சத்திரத்துக்குள்ள மெல்ல இறங்கிட்டு இருக்கு. ஒரு டிரான்சிட்ல தெரியாது. வருஷக்கணக்குல சேர்த்தாத் தெரியும்.

தாம்பரம்_சுபா · இரவு 10:58

அண்ணா, அடுத்த தடவை நானும் வரலாமா? ஹேர் டிரையர் கொண்டு வர்றேன், பனிக்கு.

மொட்டைமாடிக்காரன் · இரவு 11:34

தாராளமா வாம்மா. தேதி கணக்குப் போட்டுட்டேன். தினம் ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகுது, அதனால நாளைக்கும் நாளன்னைக்கும் விடிய விடிய முழிக்கணும், எனக்கு ஆபீஸ் இருக்கு. ஆனா பதினோரு சுற்று முடிஞ்சா சரியா 12 நாள், கூட 8 நிமிஷம். 19ஆம் தேதி, நேத்து ஆரம்பிச்ச அதே நேரத்துக்கு 8 நிமிஷம் பிந்தி. சிவப்பு ஃபில்டர் கடன் வாங்கிட்டேன். கீழ்வீட்டு அண்ணன்கிட்ட ஏழு மணிக்குள்ள மோட்டார் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டேன், டாங்க் சின்னது, பாக்கலாம்னாரு. வேட்டியில மட்டும் ஒரு காபிக் கறை விழுந்திருக்கு. ஃப்ளாட்ல தெரியுமா, துவைச்சே ஆகணுமா?

நிறமாலை · இரவு 11:36

துவைங்க அண்ணா.